பீப்பாக் கலவையும் கலக்கும் கருவியும்

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ், கரட் முதலியவற்றைப் பயிரிடுவோர்க்கு 200 லீற்றர் கொள்ளும் பீப்பா இன்றியமையாத சாதனமாகும். தேயிலைத் தோட்டங்களிலும், வலப்பனை, ஹங்குரான்கெத்தைப் பகுதிகளின் நெல் வயல்களிலும் அதன் பயன் பெரிது. பங்கசுநாசினி, கரைத்த உரம், சாணக் கரைசல் ஆகிய யாவும் அதிலேயே ஆயத்தமாகின்றன. ஆயினும், பீப்பாவை வாங்குவதில் செலுத்தும் கருத்தை, அதிலுள்ளதைக் கலக்கும் கருவியைத் தெரிவதில் பலர் செலுத்துவதில்லை. கைக்கெட்டிய கம்பே கருவியாகிவிடுகின்றது. அன்றேல் வலிமை மிகுந்த மோட்டர் ஒன்றே சிறந்ததெனக் கருதி வீண் செலவு செய்யப்படுகின்றது. பீப்பாவிலுள்ள பொருள் எவ்வியல்பினது என்பதை அறிந்த பின்னரே கருவியைத் தெரிதல் வேண்டும்.

சீரற்ற கலவையால் விளையும் நட்டம்

லீற்றர் ஒன்றுக்கு 2 கிராம் வீதம் இடவேண்டிய நனையும் தூள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 200 லீற்றர் பீப்பாவுக்கு 400 கிராம் தேவை. இத்தூள் நீரில் கரைவதன்று. நீரில் மிதந்து நின்று, கலக்குதல் நின்றவுடன் சிறிது சிறிதாக அடியிற் படியும். 16 லீற்றர் முதுகுத் தெளிகருவியைப் பன்னிரண்டு முறை நிரப்பினும் இப்பீப்பாவில் 8 லீற்றர் எஞ்சும். மேலிருந்து மொண்டு நிரப்பினால் முதல் நிரப்புகளில் மருந்து குறைந்தும், கடைசி நிரப்புகளில் மிகுந்தும் இருக்கும். முதலில் தெளித்த பாத்திகளில் நோய் அடங்காது. இறுதியில் தெளித்த பாத்திகளில் இலை கருகவும் கூடும். மருந்தைக் குறை கூறிப் பயனில்லை. குறை கலக்குதலிலே உள்ளது.

மலைநாட்டின் குளிரும் மூடுபனியும் இக்குறையைப் பெரிதாக்குகின்றன. உருளைக்கிழங்கின் பின்வெளிறல் நோய் ஈரமும் குளிரும் கூடிய நாள்களில் விரைந்து பரவும். 1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிகோலியது இந்நோயே. தேயிலையைத் தாக்கும் கொப்புள நோயும் ஈரத்தை நாடுவதே. 1946இல் அது இலங்கையில் தோன்றிய பின்னர், செம்புப் பங்கசுநாசினிகளைத் தெளித்தல் தோட்டங்களின் வழக்கமான வேலைகளுள் ஒன்றாயிற்று. செம்புத் தூள்களும் நீரிற் படிவனவே.

பொருளின் இயல்பை அறிதல்

பீப்பாவில் இடப்படும் பொருள்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. கரைவன: யூரியா போன்றவை. முற்றாகக் கரைந்தபின் இவை மீண்டும் படிவதில்லை. தொடக்கத்தில் நன்கு கலக்கினாற் போதும்.

2. படிவன: நனையும் தூள்கள், செம்புத் தூள்கள், சுண்ணாம்புப் பால். இவற்றைத் தெளித்து முடியும்வரை கலக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

3. பால்போல் கலப்பன: எண்ணெய்த் தன்மையுள்ள திரவ மருந்துகள். இவற்றுக்கு மென்மையான கலக்குதலே ஏற்றது. மிகுந்த வேகத்தால் நுரை பொங்கும்.

4. தடித்தவை: சாணக் கரைசல், புளிக்கவைத்த இலைக் கரைசல். இவற்றுக்கு வேகம் வேண்டுவதில்லை. அகன்ற தகட்டின் மெதுவான அசைவே வேண்டும்.

கருவி வகைகள்

கைத்துடுப்பு: ஓரிரு பீப்பாக்களை மட்டும் பயன்படுத்துவோர்க்கு ஏற்றது. உருண்டைக் கம்பு நீரைச் சுழற்றுமேயன்றி அடியிற் படிந்ததை மேலே எழுப்பாது. ஆதலின், துடுப்பின் நுனி அகன்ற பலகையாயிருத்தல் வேண்டும். அது பீப்பாவின் அடியைத் தொடவும் வேண்டும்.

துளைத்தட்டு: ஒரு கோலின் நுனியில், ஏறக்குறைய ஒரு சாண் அகலமுள்ள வட்டப் பலகையைப் பொருத்தி, அதிற் பல துளைகள் இடுக. இதனை மேலும் கீழுமாக இயக்கினால், படிவு துளைகளின் வழியே கலங்கி எழும். செலவு சிறிது, படியும் தூள்களுக்குத் துடுப்பினும் இதுவே சிறந்தது.

திரும்புகுழாய்: எந்திரத் தெளிகருவி உடையோர் வேறு கருவி வாங்குமுன் அதன் திரும்புகுழாயைக் கவனித்தல் வேண்டும். பம்பி இழுக்கும் நீரில் ஒரு பகுதி இக்குழாய் வழியே பீப்பாவுக்குத் திரும்புகின்றது. அதன் முனையை நீர்மட்டத்துக்கு மேலே தொங்கவிட்டால் நுரைதான் மிஞ்சும். அடிவரை இறக்கிக் கட்டினால் படிவு எழும். ஆயின், தெளிமுனைகள் எல்லாம் திறந்திருக்கும்போது திரும்பும் நீர் மிகக் குறையும். ஆதலின், தெளிமுனைகள் வெளியேற்றும் அளவினும் கூடுதலான நீரைத் தரவல்ல பம்பியைத் தெரிக.

மோட்டர்க் கலக்கி: நாள்தோறும் பல பீப்பாக்களை ஆயத்தஞ் செய்யும் தோட்டங்களுக்கும் கூட்டுறவுக் குழுக்களுக்கும் இது தகும். நீர்த்த கலவைக்குச் சிறு விசிறித் தகடும் கூடிய வேகமும், தடித்த கலவைக்குப் பற்சில்லுகளால் வேகங் குறைத்த தண்டும் அகன்ற தகடும் பொருந்தும். தண்டை நடுவில் நிறுத்தினால் நீர் சுழன்று நடுவே குழிவிழும். காற்றும் நுரையும் உட்புகும். சிறிது ஒதுக்கிச் சாய்த்துப் பொருத்தினால் இக்குறை நீங்கும். வாய் முழுதும் திறந்த பீப்பாவாயின் விளிம்பிற் பற்றும் கலக்கியை வாங்குக. சிறு துவாரம் மட்டுமுள்ள மூடிய பீப்பாவுக்கு, அத்துவாரத்தினூடே நுழைந்தபின் விரியும் தகடுடைய கலக்கியே தேவைப்படும்.

கருவியின் உலோகம்

மயில்துத்தம் இரும்பையும் நாகப்பூச்சுத் தகட்டையும் அரிக்கும். அதனால் கருவி கெடுவதோடு மருந்தின் செம்பும் குறையும். செம்பு மருந்துகளுக்கு மரம், பிளாஸ்ரிக், துருப்பிடிக்காத உருக்கு ஆகியவற்றாலான கருவிகளே தகும்.

1885ஆம் ஆண்டளவில் பிரான்சில் மில்லார்தே என்பார் வெளியிட்ட போர்டோக் கலவை இதற்கு நல்ல சான்று. நூற்றுக்கு ஒரு பங்குக் கலவை 200 லீற்றர் ஆக்குவதற்கு 2 கிலோகிராம் மயில்துத்தமும், 2 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பும் தேவை. குளிர்ந்த நீரில் மயில்துத்தம் மெதுவாகவே கரையும். ஆதலின், அதனைத் துணிப்பையிற் கட்டிப் பிளாஸ்ரிக் வாளி நீரின் மேற்பரப்பில் இரவு முழுதும் தொங்கவிடுக. சுண்ணாம்பை வேறாக நீற்றி, வடித்துப் பாலாக்குக. பின்னர் மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக்கொண்டே இடைவிடாது கலக்குக. துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்தெடுக்கையில் செந்நிறப் படிவு காணின், மேலும் சுண்ணாம்புப் பால் சேர்த்தல் வேண்டும். ஆக்கிய அன்றே கலவையைப் பயன்படுத்துக.

வாங்குமுன் சோதித்தல்

கருவியின் தகுதியை நஞ்சில்லாப் பொருளாற் சோதிப்பதே நன்று. பீப்பாவில் நீர் நிரப்பி, ஒரு கிலோகிராம் சுண்ணாம்புத் தூளைச் சிறு வாளியில் கூழாகக் கரைத்து ஊற்றுக. ஐந்து நிமிடம் கலக்கியபின், மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்து ஒரே அளவான கண்ணாடிப் போத்தல்களில் நீர் எடுத்து ஒரு மணிநேரம் அசையாது வைக்குக. மூன்றிலும் படிவு ஒரே உயரமாயின் கருவி தகுதியுடையது. அடிநீரிலே மட்டும் படிவு மிகுந்திருப்பின், விலை எதுவாயினும் அக்கருவியை விலக்குக.

காவல் முறைகள்

மருந்துக் கலவையைக் கையால் ஒருபோதும் கலக்கலாகாது. கையுறை, கண்காப்பு, முகமூடி ஆகியவற்றை அணிதல் வேண்டும். சரிவான நிலத்தைச் சமப்படுத்திய பின்னரே பீப்பாவை நிறுத்துக. ஓடை, ஊற்று, லயங்களுக்கு நீர் செல்லும் பீலி ஆகியவற்றின் அருகில் கலக்கலாகாது. நானு ஓயாவும் கொத்மலை ஓயாவும் சேருமிடம் மகாவலி. மேலே சிந்தும் மருந்து கீழேயுள்ளோரின் குடிநீரைச் சாரும். மின் கலக்கிக்குப் புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் இன்றியமையாதன. புளிக்கும் கரைசலுள்ள பீப்பாவை இறுக மூடலாகாது. உள்ளே வாயு பெருகும். களைநாசினிக்கு வேறு பீப்பாவும் வேறு கருவியும் வைத்துக்கொள்க. வேலை முடிந்தபின் கருவியை மும்முறை கழுவி, கழுவிய நீரை மருந்து தெளித்த நிலத்திலேயே தெளித்துவிடுக.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவுசெய்யப்பட்ட மருந்துகளையே வாங்குதல் வேண்டும். அளவையும் கலக்கும் முறையையும் சிட்டையிற் கண்டபடியே கைக்கொள்க.

தெரிவுச் சுருக்கம்

ஓரிரு பீப்பாக்கள் உடையோர்க்குத் துளைத்தட்டுப் போதும். எந்திரத் தெளிகருவி உடையோர் திரும்புகுழாயைச் சீர்செய்தால் புதிய செலவு பெரும்பாலும் வேண்டியதில்லை. நாள்தோறும் பல பீப்பாக்கள் கலக்குவோர், பலர் சேர்ந்து ஒரு மோட்டர்க் கலக்கியை வாங்குதல் சிக்கனமாகும். ஐயம் எழுமிடத்து, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுக.