பில்லிங் சாப்ட்வேர்: பேடன்ட் என்ற பேச்சும் வரிக் கணக்கும்



பில் போடும் சாப்ட்வேர் விற்க வருகிறவர்களில் சிலர், "இது பேடன்ட் வாங்கியது, அதனால்தான் இந்த விலை" என்கிறார்கள். அப்படியே நம்ப வேண்டியதில்லை. 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவுப்படி, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு நம் நாட்டில் பேடன்ட் கிடையாது. அதற்குப் பாதுகாப்பு 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம்தான். நாம் பணம் கொடுத்து வாங்குவதும் உபயோகிக்கும் அனுமதி மட்டுமே.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. கணக்குப்பிள்ளை விற்பவர் சொல்லைக் கேட்டு, ரூ.20,000-க்கு வாங்கியதைப் 'பேடன்ட்' என்று பேரேட்டில் எழுதினால், தேய்மானம் 25 சதவீதம், ரூ.5,000 கழியும். கம்ப்யூட்டர், சாப்ட்வேர் என்ற தலைப்பில் எழுதினால் 40 சதவீதம், ரூ.8,000 கழியும். (முன்பு 60 சதவீதம் இருந்தது, 2017 ஏப்ரல் முதல் குறைத்துவிட்டார்கள்.) மறு ஆண்டு மீதி ரூ.12,000-க்கு 40 சதவீதம், அதாவது ரூ.4,800. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் முதல் ஆண்டில் பாதிதான். தை மாதம் வாங்கினால் ரூ.4,000 மட்டுமே கழியும். புரட்டாசி பிறக்கும் முன்பே வாங்கிப் பில் போடத் தொடங்குவது லாபம்.

வருடா வருடம் சந்தா கட்டும் வகையாக இருந்தால் தேய்மானப் பேச்சே இல்லை. அந்த ஆண்டுச் செலவாகவே எழுதலாம்.

இவையெல்லாம் முறையாகக் கணக்கு எழுதுபவர்களுக்கு. விற்பனையில் 8 அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டும் சிறு கடைக்காரர்கள் தேய்மானத்தைத் தனியே கழிக்க முடியாது. அது அந்தச் சதவீதத்திலேயே அடங்கிவிட்டதாகச் சட்டம் கொள்கிறது.

ஜி.எஸ்.டி. 18 சதவீதம், நம் உதாரணத்தில் ரூ.3,600. சாதாரண முறையில் ரிட்டர்ன் போடுபவர்கள் இதை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். எடுத்த பின் அதே ரூ.3,600-ஐ விலையில் சேர்த்துத் தேய்மானமும் கேட்கக் கூடாது. காம்போசிஷன் கடைகளுக்கு இந்த வரவு இல்லை. பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடுக்கவும்.

நம் பிள்ளைகள் சிலர் இப்போது சாப்ட்வேர் எழுதி விற்கிறார்கள். இந்தியாவில் உருவாக்கி, இங்கேயே பதிவான பேடன்ட் மூலம் வரும் ராயல்டிக்கு 2016-17 நிதியாண்டு முதல் 10 சதவீத வரிச் சலுகை உண்டு. பதிப்புரிமை மட்டுமே உள்ள சாப்ட்வேர் வருமானத்துக்கு அது பொருந்தாது. வழக்கமான விகிதத்தில்தான் வரி கட்ட வேண்டும்.