கடலை ஓடு கன உலோகத்தைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: நிலக்கடலை ஓடு, தென்னை நார்க்கழிவு, உமி எல்லாம் தண்ணீரில் உள்ள ஈயம், குரோமியம் போன்ற கன உலோகங்களை வடிகட்டிவிடும் என்கிறார்களே, எப்படி? எங்கள் கிணற்றில் ஒரு மூட்டை இறக்கிவைத்தால் போதுமா?
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: அருமையான கேள்வி. முதல் பாதிக்கு விடை தெரிந்துவிட்டால், இரண்டாம் பாதிக்கும் தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் ‘வடிகட்டுதல்’ என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தண்ணீரில் கரைந்த ஈயம் தூளாக மிதப்பதில்லை. அயனியாக, அதாவது மின்சுமை ஏறிய அணுவாக இருக்கிறது. அதைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளைச் சேர்த்தாலும் குறுக்களவு ஒரு நானோமீட்டரைத் தாண்டாது. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! எந்தத் துணியிலும் உமியிலும் அது சிக்காது.

பிடிப்பது ஓட்டின் வேதியியல்தான். செல்லுலோஸ், லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) ஆகியவற்றால் ஆன அதன் பரப்பில், கார்பாக்சில் எனப்படும் ஆக்சிஜன் கொண்ட சிறு அணுத்தொகுதிகள் உண்டு. இவை எதிர்மின்சுமை ஏற்று, நேர்மின்சுமை கொண்ட ஈயத்தை ஈர்க்கும். உள்ளே ஊறாமல் பரப்பில் ஒட்டுவதால் இதற்குப் புறப்பரப்புக் கவர்ச்சி என்று பெயர். பேருந்து இருக்கையைப்போல அந்த இடங்களில் கால்சியம் முன்பே உட்கார்ந்திருக்கும். ஈயம் அதை எழுப்பிவிட்டுத் தான் அமரும். இது அயனிப் பரிமாற்றம். ஈயம் குறையக் குறைய நீரில் கால்சியம் கூடுவதை ஆய்வகத்தில் அளந்தே பார்க்கலாம்.

உங்கள் ஊர்ச் சிக்கல் வேறு. குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவிலிருந்து நிலத்தடி நீரில் இறங்குவது ஹெக்சாவேலன்ட் குரோமியம், அதாவது ஆறு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் உள்ள நச்சு வடிவம். நீரில் அது எதிர்மின்சுமை கொண்ட குரோமேட்டாக இருப்பதால், ஈயத்தை ஈர்க்கும் அதே பரப்பு இதைத் தள்ளிவிடும். பி.ஹெச். (அமிலத்தன்மையின் அளவு) ஏறத்தாழ 2 ஆகும்வரை அமிலம் சேர்த்தால்தான் நன்றாகப் பிடிபடும். ஒரு பங்கு, நச்சு குறைந்த வடிவமாகவும் மாறும். குடிக்கிற தண்ணீரில் அவ்வளவு அமிலத்தை ஊற்ற முடியுமா?

ஆகவே, கிணற்றில் மூட்டை வேண்டாம். வேறு காரணங்களும் உண்டு. பச்சையான நார்க்கழிவை ஊறவைத்தால் தண்ணீர் தேநீர் நிறமாகும்; கசியும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதைக் கெடுத்துவிடும். உலோகம் ஏறிய ஓட்டை எருக்குழியில் போட்டால் நஞ்சு நிலத்துக்குப் போகும். அடுப்பில் எரித்தாலும் சாம்பலில் தங்கும். உலோகம் அழிவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இந்த முறைக்கு ஏற்ற இடம் ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. அங்கே பி.ஹெச். அளவைக் கட்டுப்படுத்தலாம், ஈயம், செம்பு போன்றவற்றை நீர்த்த அமிலத்தால் கழுவி மீட்கவும் செய்யலாம்.

நீங்கள் முதலில் செய்யவேண்டியது, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் குரோமியத்துக்கென்றே சோதிக்கச் சொல்லித் தண்ணீரைக் கொடுப்பது. லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்பது இந்தியத் தர வரம்பு. அதைத் தாண்டியிருந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். கொதிக்கவைப்பதில் பயனில்லை, நீர் சுண்டச் சுண்டக் குரோமியத்தின் செறிவு கூடத்தான் செய்யும்.