எண்ணப்படாதவர்களும் எல்லைக்கோடும்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 2025 ஏப்ரல் கனடாப் பொதுத்தேர்தலில் முதல்முறை வாக்களிக்கப் போனபோது வாக்காளர் அட்டையில் தொகுதியின் பெயர் மாறியிருந்ததைக் கண்டு கோபம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ரொறன்ரோ நகரின் ஸ்காபுறோப் பகுதியில் ரதிகா சிற்சபேசன் வென்ற ஸ்காபுறோ-ரூஜ் ரிவர் தொகுதியை முதலில் உடைத்தார்கள், பிறகு ஸ்காபுறோ-ரூஜ் பார்க்கையும் கலைத்தார்கள், தமிழர் ஓரிடத்தில் திரண்டு வாழ்வது யாருக்கோ பிடிக்கவில்லை, ஊரில் செய்ததைத்தானே இங்கேயும் செய்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. இதே சந்தேகம் பலரிடம் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. அதனால்தான் தனியே பதில் அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் சந்தேகம் வெறும் பிரமையில்லை. எங்கள் வீடுகளில் அதற்கு வரலாறு இருக்கிறது. இலங்கையில் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வந்த வாக்குரிமைத் திருத்தமும் மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்தன. ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது அவர்களையும் சேர்த்தே சனத்தொகையை எண்ணினார்கள். தோட்டத்துச் சனங்களின் தலைகள் மலைநாட்டுக்கு ஆசனங்களைக் கொடுத்தன. அந்த ஆசனங்களுக்கு வாக்களித்தவர்கள் வேறு ஆட்கள். 1952 பாராளுமன்றத்தில் மலையகத் தமிழர் ஒருவர்கூட இல்லை. கிழக்கில் சிங்களக் குடியேற்றம் முன்னே போக, அதன் பின்னால் எல்லைக்கோடு போனது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. 1976 எல்லை நிர்ணயத்தில் சேருவில தொகுதி பிறந்தது. இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு வரைபடத்தைப் பார்த்ததும் கீறியவன் யார் என்று கேட்பது நியாயம். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கனடாவிலும் ஒரு காலத்தில் ஆளும் கட்சிதான் கோடு கீறியது. 1882இல் ஜோன் ஏ. மக்டொனால்ட் அரசாங்கம் ஒன்ராறியோவில் எதிர்க்கட்சியான லிபரல்களின் ஆதரவாளர்களைச் சில தொகுதிகளுக்குள் திரட்டி அடைத்து, மற்றத் தொகுதிகளைத் தனக்கு வசதியாக்கிக் கொண்டது. இந்தப் பழக்கம் தேசிய அளவில் ஓய்ந்தது 1964ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். அன்று முதல் ஒவ்வொரு பத்தாண்டுக் குடிசன மதிப்புக்குப் பின்னும் மாகாணத்துக்கு ஓர் ஆணையம் அமைகிறது. அதில் மூன்று பேர். தலைவரான நீதிபதியை மாகாணத்தின் தலைமை நீதிபதி நியமிக்கிறார். மற்ற இருவரைப் பாராளுமன்றச் சபாநாயகர் நியமிக்கிறார். கடைசியாக ஒன்ராறியோவுக்குக் கோடு கீறியவர்கள் நீதிபதி லின் லீச், பேராசிரியர்கள் கேரன் பேர்ட், பீற்றர் லோவன். அவர்களுடைய அறிக்கைக்குப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆட்சேபம் எழுதலாம். ஆனால் இறுதி முடிவு ஆணையத்தின் கையில். ஊரில் எங்களுக்கு வாய்க்காத ஏற்பாடு இது. இதை நான் சிறிதாக மதிப்பதில்லை.

இனி ரூஜ் ரிவர். அந்தத் தொகுதி 1988 தேர்தலில் முதல்முறை களம் கண்டது. வடக்கே ஸ்டீல்ஸ் அவெனியூ, தெற்கே பெரும்பாலும் 401 நெடுஞ்சாலை. டெரெக் லீ என்ற லிபரல் 2011 வரை அதன் உறுப்பினராக இருந்தார். அவர் விலகிய அந்த ஆண்டில் ஜாக் லேற்றனின் புதிய சனநாயகக் கட்சிக்கு வீசிய அலையோடு ரதிகா வென்றார். கனடாப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் ஆனார். அந்த வெற்றியைத் தமிழ்த் தொகுதியின் வெற்றி என்று இப்போதும் சொல்கிறோம். அது தமிழ்த் தொகுதி அல்ல. வாசிகளில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் வெள்ளையர் அல்லாதவர்கள் என்பது உண்மை. ஆனால் அந்த ஒன்பது பேரில் சீனர் ஒரு பெரும் பங்கு, தென்னாசியர் இன்னொரு பெரும் பங்கு, கறுப்பினத்தவரும் பிலிப்பினோக்களும் மிச்சம். தென்னாசியருக்குள் தமிழர் ஒரு பகுதி. ஏறத்தாழ 40 சதவீத வாக்கோடு அவர் வென்றபோது, தமிழர் திரண்டு வாக்களித்தது காரணம்தான். மற்றவர்களும் வாக்களித்ததும் அதே அளவு காரணம். இதை மறந்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தால், இருந்திராத ஒன்றை யாரோ உடைத்ததாகத்தான் தெரியும்.

அது கலைந்தது சுருங்கியதால் அல்ல. நாட்டின் ஆசனங்கள் 308இலிருந்து 338 ஆகவும் ஒன்ராறியோவின் ஆசனங்கள் 106இலிருந்து 121 ஆகவும் கூடிய 2012ஆம் ஆண்டு மறுசீரமைப்பில் அதன் நிலம் ஸ்காபுறோ நோர்த், ஸ்காபுறோ-ரூஜ் பார்க் என்று பிரிந்தது. ரூஜ் பார்க் தொகுதிக்குள் ரூஜ் காடும், மிருகக்காட்சிசாலையும், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபுறோ வளாகமும், ஏரிக்கரையோரத்துப் பழைய வெள்ளையர் குடியிருப்புகளும் சேர்ந்தன. ஆங்கிலத்துக்கு அடுத்தபடி அங்கே அதிகம் பேருடைய தாய்மொழி தமிழ். 2015இல் அங்கே கரி ஆனந்தசங்கரி வென்றார். அதே நாளில் ஸ்காபுறோ நோர்த்தில் போட்டியிட்ட ரதிகா, ஷோன் சென்னிடம் தோற்றார். கோட்டின் ஒரு பக்கம் தமிழர் ஒருவர் வென்றார், மறுபக்கம் இன்னொருவர் தோற்றார். சதி என்று ஒன்று இருந்திருந்தால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்காது.

உங்கள் கோபத்துக்கு நேரடிக் காரணமான 2022 மறுசீரமைப்புத்தான் நான் பொறுமையாகச் சொல்ல விரும்புவது. ஒன்ராறியோவுக்கு 122 ஆசனங்கள். 2021 குடிசன மதிப்பின்படி மாகாணத்தில் 14,223,942 பேர். வகுத்தால் தொகுதிக்கு 116,590 பேர். இதிலிருந்து 25 சதவீதம் கூடியோ குறைந்தோ ஒரு தொகுதி இருக்கலாம் என்கிறது சட்டம். விதிவிலக்கான நிலைமையில் மட்டும் அதைத் தாண்டலாம். ரொறன்ரோவின் சனத்தொகை 2,794,356. அதை வகுத்தால் 24க்குச் சற்றுக் குறைவு. முன்பு நகருக்கு 25 தொகுதிகள் இருந்தன. பத்தாண்டில் ரொறன்ரோ ஏழு சதவீதம்கூட வளரவில்லை, மாகாணமோ பத்துக்கு மேல் வளர்ந்தது. பிரம்ரன் மட்டும் ஐந்து இலட்சத்துச் சொச்சத்திலிருந்து ஆறரை இலட்சத்தைத் தாண்டியது. ஒரு ஆசனம் போவது தீர்மானமாகிவிட்டது. யாருடையது என்பதே கேள்வி.

ஸ்காபுறோவின் சனத்தொகை 2016இல் 632,098, 2021இல் 629,941. வளரவில்லை, சற்றுத் தேய்ந்தது. தொகுதிச் சராசரியால் வகுத்தால் 5.4. இருந்தவையோ ஆறு. 2022 ஆகஸ்டில் வந்த முதல் முன்மொழிவில் ஆணையம் ஆறை ஐந்தாக்கியது. அதன்பின் நடந்தவை பலருக்குத் தெரியாது. ஸ்காபுறோ மக்கள் விசாரணைகளுக்குப் போய்ப் பேசினார்கள், எழுதி அனுப்பினார்கள். புதிதாக வந்தவர்களும் வருமானம் குறைந்தவர்களும் நிறைந்த இடத்தில் ஒரு உறுப்பினரின் அலுவலகம் குறைந்தால், குடிவரவுக் கோப்புக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அலைபவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார்கள். ஆணையம் மனம் மாறியது. இறுதி அறிக்கையில் ஸ்காபுறோவின் பெயர் தாங்கிய தொகுதிகள் மீண்டும் ஆறு. வோபர்ன் என்ற பெயரில் ஒன்று புதிதாக வந்தது. ஆனால் மக்கள் 5.4க்குத்தானே? மிச்சத்தை எங்கிருந்தாவது எடுக்கவேண்டும். விக்ரோரியா பார்க் அவெனியூ ஸ்காபுறோவின் பழைய மேற்கெல்லை. அதைத் தாண்டி ஸ்காபுறோ சென்ரர்-டொன் வலி ஈஸ்ற் என்று ஒரு தொகுதி உண்டானது. டொன் வலி ஈஸ்ற் என்ற தனித் தொகுதி இல்லாமற் போனது. அதன் நிலம் அயலவர்களுக்குப் பங்கிடப்பட்டது. அங்கேயும் புதிதாய் வந்தவர்கள், வாடகைக் குடியிருப்புகள், எங்களைப் போன்ற சனங்கள். எங்களுக்கு மிஞ்சியது அவர்களிடமிருந்து போனது. ஸ்காபுறோவின் வெற்றி என்று கொண்டாடும்போது எனக்கு அந்த இடம் உறுத்துகிறது.

தம்பி, ஸ்காபுறோ ஏன் தேய்ந்தது என்று எங்களையே கேட்கவேண்டும். தொண்ணூறுகளில் ஒரு வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்களாக வாழ்ந்தவர்கள் பிறகு மார்க்கத்துக்கும் ஏஜக்ஸுக்கும் பிக்கரிங்குக்கும் போனார்கள். பிள்ளைகள் வளர்ந்து இன்னும் தள்ளிப் போனார்கள். பழைய வீட்டில் பெற்றோர் இருவர் மட்டும். ஸ்டீல்ஸுக்கு வடக்கே மார்க்கத்தில் இருக்கும் தமிழரும் தெற்கே இருக்கும் தமிழரும் ஒரே கடையில் மரக்கறி வாங்கலாம், ஒரே கோயிலுக்குப் போகலாம். தொகுதிக் கோடு நகர எல்லையை மதித்து அந்த வீதியில் நின்றுவிடுகிறது. 2025இல் பிக்கரிங்-புரூக்ளின் தொகுதியில் தமிழரான யுவனிற்றா நேதன் வென்றதைப் பாருங்கள். தமிழர் எங்கே நகர்கிறார்களோ அங்கே அரசியலும் நகர்கிறது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது எல்லையைப் பற்றியல்ல, எண்ணிக்கையைப் பற்றி. எத்தனை ஆசனம் எந்த மாகாணத்துக்கு என்று தீர்மானிக்கும்போது புள்ளிவிபரத் திணைக்களத்தின் மதிப்பீட்டைப் பயன்படுத்துகிறார்கள். குடிசன மதிப்பில் விடுபட்டவர்களையும் கணக்கிட்டுச் சேர்த்த எண் அது. 2021 யூலையில் ஒன்ராறியோவுக்கு அது 14,826,276. ஆனால் மாகாணத்துக்குள் கோடு கீறும்போது விடுபட்டவர்களைச் சேர்க்காத 14,223,942ஐ எடுக்கிறார்கள். இடையில் ஆறு இலட்சம் பேர். ஆசனம் பெற்றுத்தரும்போது இருக்கிறார்கள், அந்த ஆசனத்தைப் பங்கிடும்போது இல்லை. இரண்டு எண்ணும் வெவ்வேறு திகதிக்குரியவை என்பது இதில் சிறு பங்குதான். விடுபடுபவர்கள் எல்லா இடத்திலும் சமமாக விடுபடுவதில்லை. இளைஞர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், புதிதாய் வந்தவர்கள்தான் அதிகம் விடுபடுகிறார்கள். பேஸ்மன்றில் இருப்பவனுக்குத் தனி முகவரி இல்லை, படிவம் மேல்வீட்டுக்காரருக்கு வருகிறது, அவரோ வாடகைக்கு விட்டது தெரிந்துவிடும் என்று பயந்து கீழே இருப்பவர்களை எழுதுவதில்லை. இது ஸ்காபுறோவில் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. குடிசன மதிப்புப் படிவத்திலுள்ள விபரங்களைச் சட்டம் காக்கிறது. அது குடிவரவுக்கோ வரிக்கோ நகரசபைக்கோ போகாது. இதைத் தமிழ் வானொலிகளும் கோயில்களும் சொல்லவேண்டிய அளவுக்குச் சொல்லவில்லை என்பது என் குறை.

வாக்கில்லாதவர்களும் எண்ணப்படுகிறார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். குழந்தை, நிரந்தரவாசி, அகதிக் கோரிக்கையாளர், வெளிநாட்டு மாணவர் எல்லோரும் அந்த 116,590க்குள் அடக்கம். மலையகத்தின் கதை இதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வித்தியாசம் பெரியது. அங்கே வாக்கு பறிக்கப்பட்டது, பிள்ளைகளுக்கும் சேர்த்து. இங்கே நிரந்தரவாசி சில ஆண்டுகளில் பிரசையாகலாம், இங்கே பிறக்கும் அவருடைய பிள்ளை பிறப்பிலேயே பிரசை. வாக்கு வரும்வரை அவருடைய தலை அந்த அயலுக்கு வலு சேர்க்கிறது. எண்ணிக்கை வாக்காளர்களை மட்டும் கொண்டதாக இருந்திருந்தால் ஸ்காபுறோ இன்னும் சிறுத்திருக்கும்.

தமிழருக்கென்று ஒரு தொகுதி கேட்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1991இல் சஸ்கச்சுவான் வழக்கில் கனடா உயர் நீதிமன்றம், வாக்குரிமை என்பது தலைக்குத் தலை சமன் மட்டுமல்ல, பயனுள்ள பிரதிநிதித்துவம் என்றது. சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவத்தையும் கவனிக்கலாம் என்றது. நோவா ஸ்கோசியா மாகாணம் 1992இல் அக்கேடியப் பிரெஞ்சு மக்களுக்கும் பிரெஸ்ற்றன் பகுதிக் கறுப்பினத்தவருக்கும் சிறிய தொகுதிகளை விட்டுக்கொடுத்தது. 2012இல் அவை நீக்கப்பட்டன, 2017இல் மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் அது தவறென்றது, 2021 தேர்தலில் அவை திரும்பின. ஆனால் அவர்கள் நூற்றாண்டுகளாக ஒரே மண்ணில் இருப்பவர்கள், தொகுதியில் கணிசமானவர்கள். நாங்கள் ஆறேழு தொகுதிகளில் பரந்திருக்கிறோம். எங்களைத் தேடித்தேடி ஒரு தொகுதிக்குள் அடைத்தால் அது 1882இன் வேலையாகிவிடும், மற்றத் தொகுதிகளில் எங்கள் குரலும் போய்விடும். நான் அதைக் கேட்கமாட்டேன். மால்வேர்ன் அயலை இரண்டாக வெட்டாதே, ஒரே பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பஸ்ஸுக்கும் போகும் சனத்தைப் பிரிக்காதே என்று கேட்பேன். அப்படிக் கேட்டால் பக்கத்து வீட்டு ஜமெய்க்கக்காரரும் என்னோடு கையெழுத்திடுவார்.

இன்னொன்று, அவசரமாக. உங்கள் வீதிக்கு இப்போது இரண்டு வரைபடங்கள். மாகாணத் தேர்தலும் நகரசபை வட்டாரங்களும் பழைய கூட்டாட்சிக் கோட்டிலேயே நிற்கின்றன. 2025 பெப்ரவரி மாகாணத் தேர்தல் அப்படித்தான் நடந்தது. ரூஜ் பார்க் என்ற பெயர் கூட்டாட்சியில்தான் அயல் தொகுதியான கில்ட்வூட்டோடு சேர்ந்தது. எந்த அலுவலகத்துக்கு எந்தக் காரியத்துக்குப் போவது என்று உங்கள் அம்மா அப்பாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

குடிசன மதிப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். 2026இல் எடுப்பதை வைத்துத் தொகுதி கீறமாட்டார்கள். கோட்டைத் தீர்மானிப்பது 2031. அதற்குப்பின் ஆணையம் அமைந்து முன்மொழிவை வெளியிடும், விசாரணைகளுக்குத் திகதி குறிக்கும், பேச விரும்புபவர் முன்கூட்டிப் பெயர் கொடுக்கவேண்டும். அப்போது உங்களுக்கு முப்பதை நெருங்கும் வயது. 2022இன் முன்மொழிவும் இறுதி அறிக்கையும் இணையத்தில் இருக்கின்றன, இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஸ்காபுறோ பற்றிய பகுதியில் எந்த வாதம் ஆணையத்தை அசைத்தது, எது அசைக்கவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதுபற்றி நிறையப் பேச இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன்