32 பேர், 31 ஆட்டம், ஒரு கோப்பை



டென்னிஸ் பந்து நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுல நாம கிரிக்கெட் ஆடுறோம்! ஆனா டென்னிஸ் ஆட்டத்தைப் பத்திக் கேட்டா வகுப்புல பாதிப்பேர் முழிக்கிறாங்க. அதனால இந்த இதழுக்கு இதையே பாடமா எழுதலாம்னு எடுத்துக்கிட்டேன். பாடத்துக்கு உதாரணம் வெளிநாட்டுல தேட வேண்டாம். ரயில்ல ஏறினா போயிடலாம்கிற தூரத்துல, சென்னை நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துல, 2022 செப்டம்பர் 12 முதல் 18 வரை நடந்த சென்னை ஓப்பன் பெண்கள் ஒற்றையர் போட்டிதான் உதாரணம்.

அந்த ஸ்டேடியத்துல 1997 முதல் 2017 வரை வருஷா வருஷம் ஆண்கள் போட்டி நடந்தது. பிறகு அது புனேவுக்குப் போயிடுச்சு. 2022ல்தான் சென்னையில் முதல் தடவையா பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டி வந்தது. 'டபிள்யூ.டி.ஏ. 250' என்ற வகை.

முதல்ல கணக்கு. ஒற்றையர் பிரிவில் 32 பேர். தோத்தா வெளியே, நம்ம மாவட்ட விளையாட்டுப் போட்டி நாக் அவுட் மாதிரிதான். மொத்தம் எத்தனை ஆட்டம்? 16+8+4+2+1 என்று கூட்டினால் 31 வரும். ஆனா கூட்டவே வேண்டாம். ஒவ்வொரு ஆட்டமும் ஒரே ஒருத்தரை வீட்டுக்கு அனுப்புது. 31 பேர் வீட்டுக்குப் போனாத்தான் ஒருத்தர் மிஞ்சுவார். அதனால 31 ஆட்டம். ஜெயிக்கிறவர் ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்கணும்.

யாரோடு யார் மோதுவது என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வாங்க. ஆனா முழுசா குலுக்கினா, முதல் நாளே பலசாலிங்க ரெண்டு பேர் மோதி ஒருத்தர் காலி ஆயிடலாம். அதைத் தடுக்கத்தான் 'சீடிங்'. தரவரிசையில் முன்னால இருக்கிற எட்டு பேரை முன்கூட்டியே தள்ளித் தள்ளி வைப்பாங்க. முதல் சீடும் ரெண்டாவது சீடும் இறுதி ஆட்டத்துக்கு முன்னால சந்திக்கவே முடியாது. தரவரிசை பத்தாதவங்களுக்கு ரெண்டு வழி. ஒன்று தகுதிச் சுற்று ஆடி உள்ளே வருவது. இன்னொன்று 'வைல்டு கார்டு', அதாவது போட்டி நடத்துறவங்க நேரடியா இடம் கொடுப்பது.

நம்ம நாட்டு அங்கிதா ரெய்னாவும் கர்மன் கவுர் தாண்டியும் வைல்டு கார்டில்தான் வந்தாங்க. அங்கிதாவுக்கு முதல் சுற்றிலேயே ஜெர்மனியின் தாத்யானா மரியா. அந்த வருஷம் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர், ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய். 0-6, 1-6 என்று அங்கிதா தோத்தாங்க. கர்மன் வேற மாதிரி. எட்டாவது சீடான பிரான்ஸின் க்ளோயி பாக்கேவிடம் முதல் செட்டை விட்டுட்டு, 4-6, 6-4, 6-3 என்று திரும்பி வந்து ஜெயிச்சாங்க. அடுத்த சுற்றில் எதிரே நின்றவர் கனடாவின் யூஜெனி புஷார்ட், 2014 விம்பிள்டன் இறுதி ஆட்டம் ஆடியவர். அங்கே 2-6, 6-7. ரெண்டாவது செட்டில் டை-பிரேக் வரை இழுத்ததை நான் சாதாரணமா நினைக்கல.

இப்ப இறுதி ஆட்டம். என் கணக்குல இதுதான் இந்தப் பாடத்தோட முக்கியமான பகுதி. ஒரு பக்கம் போலந்தின் மக்தா லினெட், வயது 30, மூன்றாவது சீட். மறுபக்கம் செக் நாட்டின் லிண்டா ஃப்ருவிர்தோவா, வயது 17, சீடே கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் வயசு! முதல் செட் லினெட்டுக்கு 6-4. ரெண்டாவது லிண்டாவுக்கு 6-3. மூன்றாவதில் லினெட் 4-1 என்று முன்னால போயிட்டாங்க. அந்த நேரத்துல மூணு செட்டையும் சேர்த்து கேம்களை எண்ணினா லினெட்டுக்கு 13, லிண்டாவுக்கு 11. அப்புறம் லினெட்டின் எண்ணிக்கை 13லயே நின்னுபோச்சு. லிண்டா வரிசையா ஐந்து கேம் எடுத்து 4-6, 6-3, 6-4 என்று கோப்பையை வாங்கினாங்க.

கிரிக்கெட்டில் 40 ரன் பின்தங்கினா, அந்த 40ஐயும் எடுத்தே ஆகணும். டென்னிஸில் அப்படி இல்லை. ஒரு கேம் முடிந்தால் அடுத்த கேம் சைபரிலிருந்து, ஒரு செட் முடிந்தால் அடுத்த செட் சைபரிலிருந்து. 0-6, 6-4, 6-4 என்று ஒருத்தர் ஜெயித்தால் அவர் எடுத்தது 12 கேம், தோத்தவர் எடுத்தது 14. அதிகம் எடுத்தவர் தோத்துட்டார்! எங்க கணக்கு ஆசிரியரிடம் இதைச் சொன்னேன், 'சராசரி எல்லா இடத்திலும் உதவாது' என்று சிரித்தார். நேரம் முடிஞ்சு ஜெயிப்பதும் டென்னிஸில் கிடையாது. கடைசி புள்ளியை எடுத்தே தீரணும். லினெட்டும் சாதாரண ஆள் இல்லை, நாலே மாசத்துல 2023 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதிக்குப் போனாங்க.

தரவரிசைப் புள்ளி எப்படி? 2022ல் இந்த வகைப் போட்டியில் ஜெயித்தவருக்கு 280, இறுதியில் தோத்தவருக்கு 180, அரையிறுதிக்கு 110, காலிறுதிக்கு 60, ரெண்டாவது சுற்றில் தோத்தால் 30. முதல் சுற்றிலேயே தோத்தால் 1. ஆமாம், ஒன்றே ஒன்று. விமானம் ஏறி வந்த 16 பேருக்கும் சேர்த்தே 16 புள்ளிதான். 2024 முதல் ஜெயித்தவருக்கு 250 என்று மாத்திட்டாங்க. அந்தப் புள்ளியும் 52 வாரம்தான் கணக்கில் இருக்கும். அப்புறம் உதிர்ந்துடும். அதனால ஒரு வருஷம் ஜெயிச்சவர் அடுத்த வருஷமும் அதே அளவு ஆடினாத்தான் இருந்த இடத்துல இருக்கலாம்.

இதை எதிர் வீட்டு அக்காவிடம் விளக்கினேன். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே காசு குடுக்கறாங்களா?" நல்ல கேள்வி. தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் பில்லி ஜீன் கிங் போராடினதால அமெரிக்க ஓப்பன் 1973லேயே சமப் பரிசு கொடுத்தது. டபிள்யூ.டி.ஏ. சங்கம் தொடங்கியதும் அதே வருஷம்தான். விம்பிள்டன் கொடுக்க 2007 ஆயிடுச்சு. நடுவில் 34 வருஷம்! ஆனா சின்னப் போட்டிகளில் இன்னும் சமமாகல. 2022 சென்னைப் பெண்கள் போட்டியின் மொத்தப் பரிசு சுமார் 2.5 லட்சம் டாலர். அதே வருஷம் புனேயில் நடந்த ஆண்கள் 250 போட்டிக்கு 4 லட்சத்துக்கு மேல். அக்காவிடம் சொன்னேன். "அதானே" என்றாங்க.

நம்ம பக்கத்துப் பெண்களும் சும்மா இல்லை. கோவையின் நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்று ஜெயித்தார்; ஓப்பன் காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். சானியா மிர்சா 2005ல் தன் சொந்த ஊர் ஹைதராபாத்தில் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வாங்கினார். அதுவும் இந்தியப் பெண்களில் முதல். கோவையின் மாயா ராஜேஸ்வரன் 15 வயதில், 2025ல், மும்பை 125 போட்டியின் அரையிறுதிக்குப் போனார். சென்னைக்குப் பெண்கள் போட்டி மறுபடி வந்தது 2025ல். கோப்பை இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென்னுக்கு.

கடைசியா ஒரு கணக்கு. விம்பிள்டன் ஒற்றையரில் 128 பேர். மொத்தம் எத்தனை ஆட்டம்? கூட்டாம சொல்லணும். விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர், வகுப்போடு இந்தப் பலகைக்குக் கீழே இருக்கிற பெட்டியில் போடுங்க.