சட்டையைத் தூக்கிப் பார்

அன்புள்ள தங்கச்சிக்கு,

துணை சுகாதார நிலையத்தின் சாவி உன் கைக்கு வந்துவிட்டதாம், சந்தோஷம். பதிவேடுகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்லித்தர, விரட்ட, உனக்கு மேலே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டப்போகிறவர்களைப் பற்றி. "நர்ஸம்மா, புள்ளைக்கு உடம்பு கொதிக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, காலையில பாத்துக்கலாமா?" முப்பது வருஷ வேலையில் இதைவிடக் கஷ்டமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

தெர்மாமீட்டர் வை. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதே. 102 டிகிரியிலும் அக்காவின் வளையலைப் பிடித்து இழுக்கிற ஒன்றரை வயதுப் பிள்ளை, தண்ணீர் குடித்து மூத்திரமும் போனால், காலைவரை பொறுக்கலாம். 100 டிகிரியில் துவண்டு கிடந்து, கூப்பிட்டால் கண்ணைத் திறந்துவிட்டு உடனே மூடிக்கொள்கிற பிள்ளை பொறுக்காது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அதற்கு 100.4-ஐத் தொட்டாலே டாக்டர்தான், பொக்கை வாய் திறந்து சிரித்தாலும் சரி. அந்த வயதில் உடம்பு சில்லிட்டுப்போவதும் காய்ச்சலைப் போலவே ஆபத்து.

"பால் குடிக்குதா?" என்று கேட்டால் எல்லாத் தாயும் "குடிக்குது" என்றுதான் சொல்வாள். உன் எதிரிலேயே கொடுக்கச் சொல். வாய் வைத்துச் சப்ப முடியாமல் விட்டுவிடுகிறதா, கொடுத்ததையெல்லாம் அப்படியே கக்கிவிடுகிறதா என்று நீயே பார். வலிப்பு வந்ததா என்றும் கேள். இப்போது நின்றுவிட்டது என்று சொன்னாலும் அனுப்பு. வலிப்பு நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவிக்கொத்தும் வேண்டாம்.

இனி மூச்சு. இதில்தான் நான் சறுக்கினேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு புதன்கிழமை, தடுப்பூசிக் கூட்டம். ஐந்து மாத ஆண் குழந்தை, மூன்று நாள் இருமல். ஸ்வெட்டருக்கு மேலேயே பார்த்து, பதினைந்து நொடி எண்ணினேன். பதினொன்று. நாலால் பெருக்கினால் 44. அந்த வயதுக்கு 50 வரைக்கும் போகவில்லையே, "சளிதான், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டேன். ராத்திரியே நிமோனியா என்று ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்கள். மறுநாள் போய், சட்டையைத் தூக்கி, முழு நிமிஷம் எண்ணினேன். 68. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதன் தாய் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது.

குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. கொஞ்சம் வேகமாக ஓடும், கொஞ்சம் நிற்கும். அதனால்தான் முழு நிமிஷம் வேண்டும். அழுகிற பிள்ளையை எண்ணாதே, தாய் மடியில் அடங்கட்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டரிடம் அனுப்பு. பச்சைக் குழந்தை என்றால் இரண்டாம் முறையும் எண்ணிப் பார். நெஞ்சு உள்வாங்கினாலோ, மூச்சோடு முனகல் கேட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டு உட்காராதே, 108-ஐக் கூப்பிடு.

ஊர்ப் பெரியவர்கள் வாயில் மாந்தம், உரம், குடல் ஏத்தம் என்றெல்லாம் வரும். சிரிக்காதே. சிரித்தால் அடுத்த முறை உன்னிடம் வரமாட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று கேள். "குடல் ஏத்தம்" என்று வயிறு தடவக் கொண்டுபோகிற பிள்ளைகளில் பெரும்பாலானவற்றுக்கு வெறும் வாயுதான். ஆனால் காலை மடக்கி வீறிட்டு அழுது, திடீரென்று அடங்கி, கால் மணி நேரத்தில் மறுபடி வீறிட்டால் குடல் செருகலாக இருக்கலாம். நடுவில் அடங்குவதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வாந்தி பச்சையாக வந்தாலோ, மலம் சிவப்பு ஜெல்லி மாதிரி போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தடவவும் விடாதே.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் இருக்கிறது. 1971-இல் எல்லை ஓர அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைச் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்ட வைத்துத்தான் ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். நம் ஊர்த் தாய்க்கும் முடியும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்காமல் மட்டும் பார்த்துக்கொள். நீயே ஒரு முறை கலந்து காட்டு. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது, கண் குழி விழுவது, மலத்தில் ரத்தம் போவது எல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை.

மழைக்காலத்தில் "காய்ச்சல் விட்டுப்போச்சு நர்ஸம்மா" என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். டெங்குவில் அந்த நேரத்தில்தான் நீ இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுவது, ஈறில் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் அனுப்பு. பாராசிட்டமால் பாட்டிலையும் வாங்கிப் பார். சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சாதா சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125. சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும்.

நீ அனுப்பிய பிள்ளையைப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் ஏன்மா அனுப்புறே?" என்று ஒரு டாக்டர் சிடுசிடுப்பார். சரிங்க சார் என்று கேட்டுக்கொள். அடுத்த முறையும் அனுப்பு. எண் எல்லாம் சரியாக இருந்து, தாய் மட்டும் "எப்பவும் போல இல்ல நர்ஸம்மா" என்று சொன்னாலும் அனுப்பு. அந்தப் பிள்ளையை நீ பத்து நிமிஷம் பார்த்திருப்பாய், அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். சீட்டில் நீ எண்ணிய மூச்சையும் நேரத்தையும் எழுதிக் கொடு.

இதோடு என் பழைய கைக்கடிகாரத்தையும் அனுப்பியிருக்கிறேன். பேட்டரி மாற்றியாயிற்று. நொடி முள் சரியாக ஓடுகிறது.

அன்புடன்,
அக்கா