மொழிபெயர்ப்பில் விடுபடுவது எது? சீனப் பெண்களின் எழுத்து தரும் பாடம்

சீனாவின் ஹூனான் மாகாணத்தில் மலைகள் சூழ்ந்த பகுதி ஜியாங்யோங். அங்கே முற்காலத்தில் பெரும்பாலான பெண்களுக்குச் சீன எழுத்து கற்பிக்கப்படவில்லை. அவர்கள் தமக்கென ஓர் எழுத்துமுறையைக் கையாண்டனர். தாய் மகளுக்கும் தோழி தோழிக்கும் கற்றுக்கொடுத்த அதன் பெயர் நூஷு. ‘பெண் எழுத்து’ என்பது பொருள். கைக்குட்டையிலும் விசிறியிலும் துணி அட்டையிட்ட சிறு ஏடுகளிலும் தம் மகிழ்ச்சியையும் துயரத்தையும் எழுதினர். இதை இயல்பான முறையில் கற்றவர்களுள் கடைசியானவராகக் கருதப்படும் யாங் ஹுவான்யி 2004இல் காலமானார்.

2017இல் ஒருங்குறியின் 10.0 பதிப்பில் நூஷுவின் 396 எழுத்துகள் சேர்க்கப்பட்டன. உரிய எழுத்துரு இருந்தால் எந்த நாட்டினரும் கணினியில் அவற்றைக் காணலாம், தேடலாம், அனுப்பலாம். ஆனால், எழுத்து திரையில் தெரிந்துவிட்டால் பண்பாடு புரிந்துவிடுமா?

இரண்டு தடைகள்

முதல் தடை ஒலி. நூஷு எழுத்து, வட்டார வழக்கின் ஓர் அசையைக் குறிப்பது. ஒரே ஒலியுடைய பல சொற்களுக்கும் ஒரே எழுத்து வரலாம். எந்தச் சொல் என்பதைச் சூழலைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அதற்கு அந்த வழக்கை அறிந்தவர் தேவை.

இரண்டாவது தடை வழக்கம். திருமணமான மூன்றாம் நாள் மணப்பெண்ணுக்குத் தோழியரும் உறவுப் பெண்களும் அளித்துவந்த ஏடு ‘சான்ஜாவோஷு’. இதன் நடு எழுத்துக்குச் சீனத்தில் ‘காலை’ என்றும் ‘அரச மரபு’ என்றும் பொருள் உண்டு. சூழல் அறியாத கருவி இரண்டாவது பொருளைத் தேர்ந்துவிடலாம். ‘மூன்றாம் நாள் ஏடு’ எனச் சரியாகப் பெயர்த்தாலும் செய்தி முழுமையாகாது. முதல் சில தாள்களில் வாழ்த்தும் பிரிவுத் துயரும் இருக்கும். மற்றவை வெற்றுத் தாள்கள். மணப்பெண் பூவேலை நூல்களையும் மாதிரிகளையும் அவற்றினிடையே வைத்துக்கொள்வாள். எழுத்தை மட்டும் படியெடுத்தால் அந்தத் தாள்கள் பதிவில் இடம்பெறா.

வகுப்பறைச் செயல்பாடு (6 முதல் 9ஆம் வகுப்பு வரை)

1. மொய், முளைப்பாரி போன்ற ஒரு வழக்கத்தைப் பற்றி மாணவர்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அவர் அனுமதியுடன் கைப்பேசியில் குரல்பதிவு செய்க.
2. அச்சொல்லை மொழிபெயர்ப்புச் செயலியில் இட்டு, வரும் ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதுக.
3. யார், யாருக்கு, எப்போது, ஏன் என்னும் வினாக்களைக் கொண்டு விடுபட்டதைக் குழுவில் கண்டறிக.
4. தமிழ்ச் சொல்லை ஒலிபெயர்த்து, மூன்று வரி ஆங்கில விளக்கம் எழுதுக. அதன் கருத்தைத் தமிழில் பெரியவரிடம் சொல்லித் திருத்தம் பெறுக.

நான்காம் படியை நேரமின்மையால் விட்டுவிட வேண்டாம். நூஷுவை இயல்பாகக் கற்ற தலைமுறையிடம் கேட்டுச் சரிபார்ப்பது இன்று மிக அரிது. நம் மாணவர்களின் வீடுகளில் கேட்பதற்கு இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.