வீட்டுக்காரர் இருக்கும் வீடு

அன்பு மருமகளுக்கு,

ஹூஸ்டன் அத்தையின் ஆசீர்வாதம். மே மாதக் கடைசியில் நீ தனியாக ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் போய்த் தங்கப்போவதாக உன் அப்பா போனில் சொன்னான். தனியாகப் போவதில் அத்தைக்கு ஆட்சேபம் கிடையாது. ஆஸ்டினிலிருந்து 80 மைல் ஒரு தூரமா? இந்த வருஷம் நடந்ததற்கெல்லாம் உனக்கு ஓய்வு வேண்டும்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை என்று மாமாவிடம் சத்தியம் செய்தாயிற்று. எங்கே தங்குவது என்பதில் மட்டும் ஒரு யோசனை. கேட்டாலும் கேட்கலாம், விட்டாலும் விடலாம்.

அந்த ஊரில் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் என்ற பெயரில் இரண்டு ரகம் கிடைக்கும். ஒன்றில் வீட்டுக்காரர் அதே வீட்டிலோ பின்கட்டிலோ குடியிருப்பார். காலையில் அவரே சமைத்து, மேஜையில் வைத்து, சாப்பிடக் கூப்பிடுவார். இன்னொன்றில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கதவுப் பூட்டின் எண் செல்போனுக்கு வரும். காலை உணவு என்பது கடைத்தெரு பேக்கரிக்கு ஒரு சீட்டு, இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜில் ஒரு மஃபின். இந்த இரண்டாவது ரகம்தான் இப்போது அங்கே அதிகம். வசதிக்கும் குறைவில்லை, வாசலில் ஆடும் நாற்காலி, கொல்லையில் வெந்நீர்த் தொட்டி எல்லாம் உண்டு. நடுராத்திரி மாடிப்படியில் கால் பிசகி விழுந்தால், மறுநாள் பதினோரு மணிக்குச் சுத்தம் செய்ய வருகிறவர் வந்து பார்ப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

தங்க இடமில்லாமல் தவித்தவர்களின் ஊர் அது. 1842-இல் ஜெர்மன் பிரபுக்கள் சிலர் கூடி, தங்கள் நாட்டவரை டெக்சாஸில் குடியேற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆட்களைக் கப்பலேற்றத் தெரிந்தவர்களுக்கு, இறங்கியவர்களை எங்கே படுக்கவைப்பது என்று தெரியவில்லை. நியூ பிரான்ஃபெல்ஸிலிருந்து 16 நாள் வண்டியில் வந்த முதல் 120 பேர் 1846 மே 8 அன்று ஃப்ரெட்ரிக்ஸ்பர்க்கில் இறங்கிவிட்டார்கள். ஐந்தாம் நாள் அமெரிக்கா மெக்சிகோ மீது போர் அறிவித்தது. கடற்கரையில் காத்திருந்த மற்ற குடும்பங்களை ஏற்றிவர வேண்டிய வண்டிகள் ராணுவத்துக்குச் சாமான் சுமக்கப் போய்விட்டன. கூடாரத்திலும் மண்குழியிலும் கிடந்து, நோயில் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். ஊரை நிறுவிய மோய்ஸெபாக் என்பவர் பிறப்பால் பிரபு. டெக்சாஸுக்கு வந்ததும் பட்டத்தை விட்டுவிட்டு வெறும் ஜான் ஆனார். ஊரை நிறுவிய மறு வருஷமே கொமாஞ்சி பழங்குடித் தலைவர்களோடு உட்கார்ந்து பேசி உடன்படிக்கை செய்துகொண்டார். அது முறியவே இல்லை என்பதில் அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றும் பெருமை.

இனி விஷயம். உனக்குப் பிடித்துப்போய்க் குறித்துவைத்திருக்கும் அந்தக் குட்டி வீட்டை அங்கே ஞாயிற்றுக்கிழமை வீடு என்பார்கள். 1890-களிலிருந்து 1920-கள் வரை பலவற்றைக் கட்டியிருக்கிறார்கள். பண்ணை தூரத்தில். சனிக்கிழமை குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து, முட்டையும் வெண்ணெயும் விற்று, வேண்டியதை வாங்கி, ராத்திரி இந்த வீட்டில் படுத்து, ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்புவார்கள். கீழே ஒரு அறை, மேலே பரண். பல வீடுகளில் பரணுக்கு ஏறும் படி வெளிச்சுவரை ஒட்டி இருக்கும். பிள்ளைகள் அதில் ஏறிப் போய்ப் படுப்பார்கள். பிள்ளை டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கவும், உடம்புக்கு முடியாதவர் டாக்டர் பக்கத்தில் இருக்கவும், பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு வந்த கிழவனும் கிழவியும் கடைசிக் காலத்தைக் கழிக்கவும்கூட அதே வீடுதான். காரும் நல்ல ரோடும் வந்தபின் ராத்தங்கத் தேவையில்லாமல் போயிற்று. 1904-இல் கட்டிய வெபர் குடும்பத்து வீட்டை பயனியர் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள், அவசியம் பார். அத்தனை சின்ன இடத்தில் அத்தனை பேர் நெருக்கிப் படுத்த வீட்டில் ஒற்றை ஆளாகப் போய் எண் பூட்டைத் திறந்துகொண்டு உட்காருவானேன் என்பதுதான் அத்தையின் கேள்வி.

மெயின் ஸ்ட்ரீட்டிலேயே நிமிட்ஸ் ஹோட்டல் இருக்கிறது. முகப்பைப் பார்த்தால் தெருவில் ஒரு நீராவிக் கப்பல் வந்து நிற்கிறது என்றே தோன்றும். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடற்படையை நடத்திய அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் அந்த ஊரில் 1885-இல் பிறந்தவர். பிறக்கும் முன்பே அப்பா இறந்துபோனார். பிள்ளைக்கு அப்பா இடத்தில் இருந்தவர் ஹோட்டலை நடத்திய தாத்தாதான். இப்போது அந்தக் கட்டடம் பசிபிக் போர் மியூசியத்தின் ஒரு பகுதி. பின்னால் ஜப்பான் மக்கள் 1976-இல் அன்பளிப்பாகத் தந்த தோட்டம் இருக்கிறது. தங்களைத் தோற்கடித்தவரின் ஊருக்கு! அதில் உட்கார்ந்தால் மாமாவுக்கு எழுந்திருக்க மனசு வராது.

ஆடம்ஸ் தெருவிலிருந்து கிழக்கே நடந்து குறுக்குத் தெருக்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பார், ‘ஆல் வெல்கம்’ என்று வரும். மேற்கே க்ராக்கெட் தெருவிலிருந்து சேர்த்தால் ‘கம் பேக்’. தெருவெல்லாம் வா வா என்கிறது, வீட்டு வாசலில் நிற்க ஒரு ஆள் இல்லை.

இந்த எண் பூட்டு வீடு யாருடைய யோசனை என்று கேட்க வேண்டியதில்லை, உன் அப்பாதான். மாயவரம் கல்யாணக் கதை உனக்குத் தெரியும். நீ கைக்குழந்தை. கூடத்தில் பாய் விரித்து, உனக்குத் தூளி கட்டி, எல்லாம் தயாராக இருந்தது. உன் அப்பா கொல்லைப்புறக் கக்கூஸை எட்டிப் பார்த்தான்; பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்துவிட்டான். சொந்தச் சித்தி வீடு இருக்க லாட்ஜ்! சமையல்கட்டில் சித்தி அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. ராத்திரி உனக்கு ஜுரம் கொதித்தது. லாட்ஜ் பையனை எழுப்ப முடியவில்லை, டாக்டர் வீடு எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. அர்த்தராத்திரியில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அதே கூடத்துக்குத்தான் வந்து நின்றான். சித்தியின் கஷாயத்தில்தான் ஜுரம் இறங்கியது. இன்றைக்குக் கேட்டாலும் அந்த லாட்ஜில் ஃபேன் நன்றாக ஓடியது என்றுதான் சொல்வான்.

ஜுரம் கிடக்கட்டும், தண்ணீரை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. 2025 ஜூலை 4 விடியுமுன் குவாடலூப்பே ஆறு பொங்கியதை நீயும் செய்தியில் பார்த்தாய். கெர் கவுண்டியில் மட்டும் 100 பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதில் கேம்ப் மிஸ்டிக் முகாமுக்குப் போன சின்னப் பெண் குழந்தைகளும் உண்டு. அங்குள்ள கெர்வில்லிலிருந்து ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் 25 மைல்கூட இல்லை. அந்த மலைநாட்டில் மண் ஆழம் கிடையாது, அடியில் சுண்ணாம்புப் பாறை. கொட்டுகிற மழை ஊறாமல் அப்படியே ஓடைக்கு இறங்கும். பல கிராமத்து ரோடுகள் பாலமே இல்லாமல் ஓடையின் மேலேயே போகும். மே மாதம் அங்கே மழைக்காலம். எந்த ஓடை எப்போது ஏறும், எந்த ரோட்டில் இன்று போகக்கூடாது என்று அங்கேயே வாழ்கிறவர் சொல்வார், பூட்டு சொல்லாது. ரோட்டில் தண்ணீர் ஓடினால், எவ்வளவு கொஞ்சம் என்றாலும், வண்டியைத் திருப்பிவிடு. இதில் மட்டும் உன் இஷ்டம் என்று சொல்ல முடியாது. இருட்டியபின் 290-ஆம் நெடுஞ்சாலையில் மான் குறுக்கே பாயும். வழி முழுக்க ஒயின் தோட்டங்கள் வேறு, எதிரே வருகிறவர் எத்தனை கிளாஸ் குடித்தாரோ. வெளிச்சத்தில் போய்ச் சேர்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் இல்லை. இடம் பிடிக்கும்போதே பன்றி, மாடு, முட்டை எது ஆகாது என்று எழுதிவிடு. உருளைக்கிழங்கு சாலட்தானே என்று கை வைக்காதே, ஜெர்மன் முறையில் அதில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள். சிவப்பு முட்டைக்கோஸிலும் அந்தக் கொழுப்பு இருக்கலாம். ஸ்டோன்வால் பக்கத்து பீச் பழத்தைக் காலைப் பலகாரத்தோடு ஜாமாக வைத்தால் விடாதே. மே நடுவிலிருந்து புதுப்பழமும் வரத் தொடங்கும். வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டியவராக இருந்தால் டெக்சாஸ் ஜெர்மன் பேசத் தெரியுமா என்று கேட்டுப் பார். அந்தப் பேச்சு அநேகமாக அந்தத் தலைமுறையோடு முடிகிறது. உங்கள் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் 2001-இலிருந்து ஒலிப்பதிவு செய்து சேர்க்கிறார்கள்.

என்சான்டட் ராக் ஏறுவதாக இருந்தால் வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போகாதே, நிரம்பியதும் கேட்டை மூடிவிடுவார்கள். தரையிலிருந்து 425 அடி உயர ஒரே கருங்கல் பாறை, ரோஜா நிறம். காலையிலேயே ஏறிவிடு, வெயில் ஏறினால் கல் சுடும். பழைய ரயில் சுரங்கத்திலிருந்து சாயங்காலம் வௌவால்கள் லட்சக்கணக்கில் கிளம்பும் இடமும் பக்கத்தில்தான். அதை இன்னொரு தடவை பார்க்கலாம். திரும்பும்போது இருட்டிவிடும் என்று அப்போதே சொல்லியாயிற்று.

படித்துவிட்டு முகம் சுளிக்காதே, கண்ணு. எந்த வீட்டில் தங்கினாலும் அத்தைக்குச் சம்மதம்தான். நம் குடும்பத்திலேயே புத்திசாலி நீ. உன் அப்பாவும் தங்கமான பிள்ளை, அன்றைக்கு லாட்ஜ் எடுத்தது உன் அம்மாவுக்காகத்தான் என்று பிற்பாடு தெரிந்தது. வாடகை அத்தையின் கணக்கு, வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பருப்புப் பொடியும் மாவடுவும் பார்சலில் வருகிறது. இன்னும் ஒரு நாள் கூடத் தங்க வேண்டுமென்றாலும் தங்கு. பேச வேண்டுமென்றால் எந்த நேரத்திலும் பேசு, வேண்டாமென்றால் அதுவும் சரி. வீட்டுக்காரரின் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் மறக்காமல் மாமாவுக்கு அனுப்பிவிடு.

என்றும் அன்புள்ள
அத்தை